தோற்றவர்களுக்குத் தனி அலமாரி

ஈயப் பொம்மைச் சிப்பாய் விற்கும் தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு: ஜெயித்த படை அலமாரியில் தூசி படிந்து நிற்கும், தோற்ற படையை மாதம் இரண்டு தடவை வரவழைக்க வேண்டியிருக்கும்.

ஜவுளிக்கடையிலோ மருந்துக்கடையிலோ மேஜைக்குப் பின்னால் நின்று நின்று காலில் நரம்பு புடைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் சொல்லாமலே உங்களுக்குப் புரியும். வாடிக்கையாளர் வாங்க வருவது ஒன்று, சொல்ல வருவது வேறு. நாம் முதலாவதைக் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கிறோம். இரண்டாவதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறோம். எழுபதுகளின் தொடக்கத்தில் கனடாவில், மான்ட்ரியலில் நான் அப்படி நின்ற கடையில் ஐரோப்பாவின் எல்லா யுத்தங்களும் இரண்டு அங்குல உயரத்தில் கிடைத்தன. இப்போது ஊர் திரும்பி, ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதில், திருச்சியில் உட்கார்ந்து யோசித்தால் யுத்தங்களைவிட அந்தக் கடைக்கு வந்தவர்கள்தான் தெளிவாக ஞாபகம் வருகிறார்கள்.

ஒரு மணி நேரம் முன்னால்

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்ததே ஒரு தோல்வியால்தான். சிவில் என்ஜினியரிங்கில் எம்.எஸ். படிக்கப் போனவன். இரண்டாம் வருடத் தேர்வில் விழுந்தேன், மறுதேர்விலும் விழுந்தேன். மார்ச் மாதம் பல்கலைக்கழகம் மரியாதையாக ஒரு கடிதம் எழுதி என் பெயரை எடுத்துவிட்டது. அந்தக் காலத்தில் நாட்டுக்குள் இருந்துகொண்டே குடியேற்றத்துக்கு மனுப் போடலாம் என்பதால் மான்ட்ரியலில் தங்குவதில் சிக்கல் இல்லை. சிக்கலெல்லாம் திருச்சியில் இருந்தது. பொதுப்பணித் துறையில் எக்ஸிக்யூட்டிவ் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, எம்.எஸ். முடித்து நான் டாக்டரேட்டும் வாங்கிவிடுவேன் என்று கிளப்பில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை நான் அவருக்குக் கடிதம் எழுதினேன். "ஆராய்ச்சி நன்றாகப் போகிறது" என்றும் எழுதினேன்.

கடைக்காரி மதாம் தெசியே. ஐம்பது வயது விதவை, கணவர் விட்டுப்போன கடை. சேர்ந்த அன்று இடது அலமாரியைக் காட்டி, "ஜெயித்தவர்கள்" என்றார். வலது அலமாரியைக் காட்டி, "தோற்றவர்கள். கலந்துவிடாதீர்கள்" என்றார். சாயம் பூசுவது, பெட்டி அடுக்குவது, மாதம் ஒரு போரைக் கண்ணாடி ஜன்னலில் நிறுத்தி வைப்பது, இவைதான் என் வேலை. முதல் மாதம் வாட்டர்லூ. நான் கெட்டிக்காரத்தனமாகப் பேரரசரின் குதிரையைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்தேன், ஓடிப்போகிற மாதிரி. (அந்தக் கடையில் பேரரசர் என்றால் ஒருவர்தான்.) மதாம் வெளியே போய்ப் பார்த்தார். உள்ளே வந்து குதிரையை மறுபடி முன்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுச் சொன்னார்:

"முடிவு எல்லோருக்கும் தெரியும், மிஸ்யூ சுந்தரம். அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் எப்படி இருந்தது என்று பார்க்கத்தான் பனியில் நின்று கண்ணாடியில் மூக்கை ஒட்டுகிறார்கள்."

டன்கர்க் பெட்டி

மிஸ்டர் ஹால்டன் என்று ஒரு ஆங்கிலேயர் சனிக்கிழமை தவறாமல் வருவார். இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டாம் உலகப் போரில் ஆங்கிலப் படை பிரான்ஸிலிருந்து கடல்வழியாகப் பின்வாங்கிய டன்கர்க் பெட்டி, அதாவது ஒரு படகும் பன்னிரண்டு நனைந்த சிப்பாய்களும், வலது அலமாரியில் இருப்பது அவருக்குப் பொறுக்காது. மதாம் அந்தப் பக்கம் திரும்பியதும் அதை எடுத்து இடது அலமாரியில் வைத்துவிடுவார். அவர் போனதும் மதாம் அதைத் திரும்ப வலதுக்கு மாற்றுவார். ஒரு கோடைகாலம் முழுவதும் இது நடந்தது. இருவரும் என்னிடம்தான் புகார் சொன்னார்கள். இரு பக்கமும் சம்பளம் வாங்காத தூதுவன் வேலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா!

ஒருநாள் இருவரும் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டார்கள். "மூன்று லட்சத்துக்கு மேல் ஆட்களைக் கடல் தாண்டி வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தோம், மேடம். அதைத் தோல்வி என்கிறீர்களா?" என்று ஹால்டன் குரலை உயர்த்தினார். மதாம் பெட்டியைத் துடைத்து, வலது அலமாரியிலேயே வைத்தார்.

"வீடு போய்ச் சேருவதுதான் வெற்றி என்றால், நான் தினமும் ஆறு மணிக்கு ஜெயிக்கிறேன்."

பொட்டு வைத்த பீரங்கிகள்

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. அறையில் எனக்கென்று ஆயுதம் எதுவும் இல்லை. கணக்குப் போடும் ஸ்லைடு ரூலைக்கூட விற்றிருந்தேன். ஆனால் கடையில் ஆயுதத்துக்கா பஞ்சம்! காலையில் சீக்கிரம் போய், அம்மா தபாலில் அனுப்பிய சந்தனத்தைக் குழைத்தேன். தூரிகைகள், அரம், பசை டப்பா எல்லாவற்றுக்கும் குங்குமம் வைத்தேன். அப்புறம் ஜன்னலில் நின்றுகொண்டிருந்த பிரெஞ்சுப் பீரங்கிகளைப் பார்த்தேன். பன்னிரண்டு பீரங்கிக்கும் வாய்க்கு மேலே ஒவ்வொரு பொட்டு. தூரிகை முனையால் வைத்ததால் அச்சில் வார்த்த மாதிரி அமைந்துவிட்டது. கும்பிட்டுவிட்டுப் பெட்டி அடுக்கும் வேலையில் இறங்கியவன் துடைக்க மறந்துபோனேன்.

மறுநாள் சனிக்கிழமை. ஹால்டன் கண்ணாடிக்கு வெளியே நெடுநேரம் குனிந்து நின்றார். உள்ளே வரவில்லை, போய்விட்டார். மதியம் மூன்று தடித்த புத்தகங்களோடு திரும்பி வந்தார். சீருடையில் ஒரு பொத்தான் குறைந்தால் கண்டுபிடிக்கிறவர். "எந்தப் பீரங்கிப் பிரிவின் அடையாளம் இது? மூன்று புத்தகத்திலும் இல்லையே!" என்றார். முகம் வெளிறியிருந்தது. நாற்பது வருடப் படிப்பில் ஒரு ஓட்டை விழுந்துவிட்ட கவலை.

நான் உண்மையைச் சொன்னேன். ஆயுதங்களுக்கு வருடத்தில் ஒருநாள் ஓய்வு கொடுத்து நன்றி சொல்வது எங்கள் வழக்கம், அன்று அவற்றை யாரும் கையில் எடுக்கமாட்டார்கள் என்றேன். மதாம் என்னைப் பார்த்த பார்வையில் என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். ஹால்டன் புத்தகங்களை மெதுவாக மூடினார்.

"பன்னிரண்டையும் கட்டிக் கொடுங்கள், பொட்டு அழியாமல். வாட்டர்லூ அன்று அந்தப் பீரங்கிகளுக்கு லீவு கொடுத்திருந்தால் என் கொள்ளுத்தாத்தா இரண்டு காலோடு வீடு வந்திருப்பார்."

புவாண்ட்-கிளேரிலிருந்து ஒரு பிளைமவுத்

நவம்பர் முதல் வாரம் கடை வாசலில் ஒரு பெரிய பிளைமவுத் கார் நின்றது. மகனுக்கு விமான மாடல் வாங்க வந்தவர் டாக்டர் வேங்கடேசன். பத்து வருடத்துக்கு மேல் அங்கே இருந்தவர், புவாண்ட்-கிளேர் என்ற புறநகரில் சொந்த வீடு. அவர் மாமனாரும் என் அப்பாவும் ஒரே கிளப்பில் சீட்டாடுகிறவர்கள். நான் வந்த புதிதில் அவர் வீட்டில் ரசம் சாதம் சாப்பிட்டிருக்கிறேன். அலமாரிக்குப் பின்னால் குனிந்து மறையப் பார்த்தேன். நீலச் சாயம் படிந்த ஏப்ரனோடு எங்கே போய் ஒளிவது?

"என்னப்பா சுந்தரம், நீ எங்க இங்க?"

"சும்மா... ஒரு ஆராய்ச்சி விஷயமா, சார்."

"கையில பிரஷ்ஷோடயா?"

மகன் ஸ்பிட்ஃபயர் பெட்டியில் மூழ்கியிருந்தான். டாக்டர் என் கையிலிருந்த சிப்பாயை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அதற்குமேல் பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. மார்ச்சில் வந்த கடிதத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டிசம்பர் பதினைந்தாம் தேதி குடும்பத்தோடு ஊருக்குப் போவதாகவும், திருச்சியில் இறங்கியதும் என் அப்பாவைப் போய்ப் பார்க்காமல் இருக்க முடியாது என்றும் சொன்னார். கார் கதவைத் திறந்தவர் திரும்பி நின்றார்.

"அவர் முகத்தைப் பாத்து என்னால பொய் சொல்ல முடியாது. பதினஞ்சாம் தேதிக்குள்ள நீ எழுதிட்டா, அவர் உன் லெட்டரப் படிச்சிருப்பார். இல்லேன்னா என் மூஞ்சியத்தான் படிப்பார்."

தண்ணீரில் நின்றவர்கள்

அந்த மாதம் ஜன்னலில் பெரெசினா ஆறு. ரஷ்யாவிலிருந்து பேரரசரின் படை திரும்பி ஓடி வந்தபோது வழியை மறித்த ஆறு அது. பின்னால் எதிரி, முன்னால் பாதி உறைந்த தண்ணீர். நானூறு பேர் அந்தத் தண்ணீருக்குள் மார்பளவு நின்று, வீடுகளைப் பிரித்து எடுத்த மரத்தால் இரண்டு பாலம் கட்டினார்கள். மிச்சமிருந்த படை அதில்தான் தப்பியது. கட்டியவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை.

வில்லரே பேட்டையில் பிளம்பர் வேலை பார்த்த மிஸ்யூ லவுவா ஒருநாள் ஜன்னலைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். ஐம்பது வயதிருக்கும், குள்ளமான ஆள், பையில் குறடு தொங்கும். பேரரசர் வேண்டாம், குதிரை வேண்டாம், பாலம் கட்டியவர்கள் மட்டும் எட்டுப் பேர் வேண்டும் என்றார். அப்படி யாரும் வார்ப்பதில்லை. பீரங்கிப் படை ஆட்களை எடுத்து இடுப்போடு அறுத்து, சாயம் பூசிய பலகையில் ஒட்டினால் தண்ணீரில் நிற்கிற மாதிரி இருக்கும் என்றேன். சம்மதித்தார். எட்டுப் பேரையும் அறுத்து முடித்தேன். எட்டு ஜோடிக் கால்களைக் குப்பையில் போடக் கூட்டினேன்.

"இரு, இரு. அதுவும் அவர்களுடையதுதானே, கொடு" என்று ஒரு தீப்பெட்டியில் போட்டுக்கொண்டார். பிறகு பலகையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"பேரரசர் பெயர் உலகத்துக்கே தெரியும், இவர்கள் பெயர் ஒருவருக்கும் தெரியாது. பிளம்பரை யார் நினைக்கிறார்கள், குழாய் ஒழுகும்போது தவிர!"

ஜன்னலில் வைக்க முடியாத போர்

டிசம்பர் பிறந்தது. நான் நாலு ஏரோகிராம் வாங்கி நாலையும் கிழித்திருந்தேன். லவுவா திரும்பி வந்தார். இந்தத் தடவை தியெப் வேண்டும் என்றார். இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸின் அந்தக் கடற்கரையில் கனடாப் படை விடிகாலையில் இறங்கியது. மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. மான்ட்ரியல் பையன்கள் நிறையப் பேர் திரும்பவில்லை, பிடிபட்டவர்கள் இன்னும் நிறையப் பேர். லவுவா பிடிபட்டவர். மதாம் தன் வழக்கத்தைச் சொன்னார்: ஒரு மணி நேரம் முன்னால் இருந்த காட்சிதான் வைப்போம். "எங்களுக்கு முன்னால் என்று எதுவுமே இல்லை, மதாம். படகை விட்டு இறங்கினோம், முடிந்தது. எனக்கு அதற்குப் பின்னால்தான் வேண்டும், ஊர்வழியாக எங்களை நடத்திக்கொண்டு போனது" என்றார் அவர். மதாம் என்னைப் பார்த்து, "செய்யுங்கள்" என்று மட்டும் சொன்னார். அந்தக் கடையில் அந்த விதி மீறப்பட்டதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கைதிச் சிப்பாயை எந்தக் கம்பெனியும் வார்ப்பதில்லை. சுடுகிறவனை எடுத்துத் துப்பாக்கியை அறுத்து, ஹெல்மெட்டை அரத்தால் தேய்த்துத் தலைமுடியாக்கினேன். "பூட்ஸையும் எடு. பாதிப் பேர் கழற்றிப் போட்டுவிட்டுப் படகுக்கு நீந்தப் பார்த்தோம்" என்றார். பூட்ஸைத் தேய்த்து வெறுங்கால் விரல்களைக் கீறினேன். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவர் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். கைதிமுகாமில் பல மாதம் கையில் விலங்கு பூட்டியிருந்ததாம். சார்டின் மீன் டப்பா திறக்கிற சாவியால் அதைத் திறக்கலாம் என்று ஒருவன் கண்டுபிடித்தானாம். காவலாளி வரும் சத்தம் கேட்டால் எல்லோரும் நல்லபிள்ளையாகத் திரும்பப் பூட்டிக்கொள்வார்களாம். சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"வீட்டுக்கு எழுத விட்டார்களா?" என்று கேட்டேன். எனக்கு ஏன் அந்தக் கேள்வி வந்தது என்று உங்களுக்கே தெரியும்.

"கார்டு கொடுத்தார்கள். மூன்று வருடம் அம்மாவுக்கு எழுதினேன். சாப்பாடு நன்றாக இருக்கிறது, கால்பந்து விளையாடுகிறோம், கொஞ்சம் குண்டாகிவிட்டேன் என்று. விலங்கு போட்ட செய்தி இங்கே பேப்பரில் வந்துவிட்டது, அது எனக்குத் தெரியாது. அவள் பதிலுக்கு, 'சந்தோஷம் மகனே, ரொம்பவும் குண்டாகிவிடாதே' என்று எழுதுவாள்." கையிலிருந்த கைதியை மேஜையில் நிறுத்தினார். அது விழுந்தது. மறுபடி நிறுத்தினார். "ஊர் வந்து சேர்ந்த அன்று கன்னத்தில் ஒன்று வைத்தாள். அப்புறம்தான் கட்டிக்கொண்டாள். என்ன சொன்னாள் தெரியுமா?"

"'நீ பொய் எழுதினாய், அது பரவாயில்லை. அதற்குப் பொய்யாகவே பதில் எழுத என்னை உட்காரவைத்தாயே, மூன்று வருடம்!'"

ஐந்தாவது ஏரோகிராம்

அன்று மதியச் சாப்பாட்டு வேளையில், சாயக் கிண்ணங்களை ஒதுக்கிவிட்டு, ஐந்தாவது ஏரோகிராமை விரித்தேன். அப்பாவுக்கு எப்போதும் ஆங்கிலத்தில்தான் எழுதுவேன். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தில் படித்தவன் ஆங்கிலத்தில் எழுதவேண்டும் என்பது அவர் ஏற்பாடு. கிழித்த நாலும் அதனால்தான் கிழிந்தன. எப்படி ஆரம்பித்தாலும் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருந்தது. அன்று, "அப்பா, நான் மார்ச் மாதமே பெயிலாகிவிட்டேன்" என்று தமிழில் ஒரு வரி எழுதினேன். அதற்குப் பிறகு பேனா தானாக ஓடியது. மடித்து ஒட்டும் ஓரம் வரைக்கும் எழுதினேன். டாக்டருக்குப் போன் பண்ணி, போட்டுவிட்டேன் என்றேன். "அப்ப நான் நிம்மதியா ப்ளேன் ஏறலாம்" என்றார்.

ஜனவரியில், மைனஸ் இருபதில், பதில் வந்தது. கடைக்கு எடுத்துக்கொண்டு போய், மதாம் எதிரில்தான் பிரித்தேன். தனியாகப் பிரிக்கத் தைரியமில்லை. அப்பாவின் கையெழுத்தில் நான் பார்த்த முதல் தமிழ்க் கடிதம் அது. அதை மதாமுக்கு வரிவரியாகப் பிரெஞ்சில் சொன்னேன்.

"சுந்தரத்துக்கு. கடிதம் கிடைத்தது. இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் உன் அம்மா எனக்குக் காப்பி போட மறுத்துவிட்டாள். பெயிலானது நீ. அதை மறைத்ததும் நீ. ஆனால் டாக்டரேட் என்று ஊரெல்லாம் சொன்னது நான்தான். சொன்னதைத் திரும்பப் பெறுவது என் வேலை, அதில் நீ தலையிட வேண்டாம். கிளப்பில் ஐந்து பேரிடம் சொல்லியாயிற்று. இன்னும் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள், ஒவ்வொருவராகப் பார்த்துக்கொள்கிறேன். உனக்கு எது படிக்கப் பிடிக்கும் என்று நான் கேட்டதில்லை, எழுது. ஈயத்தைத் தொட்ட கையோடு சாப்பிடாதே. சோப்புப் போட்டுக் கழுவு."

அந்த செப்டம்பரில் நான் வேறு பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படிக்கச் சேர்ந்ததும், அரைநாள் வேலைக்கு மதாம் தடை சொல்லாததும், பின்னாளில் அதே பாடத்தை இங்கே வகுப்பில் நடத்தியதும் வேறு கதை. அன்று அவர் எழுந்து போய் ஒரு புது சோப்பை எடுத்துவந்து குழாயடியில் வைத்துவிட்டுச் சொன்னது இதுதான்:

"இப்படி ஒரு தளபதி அந்தப் படைகளுக்கு இருந்திருந்தால், மிஸ்யூ, என் வலது அலமாரி பாதி காலியாக இருந்திருக்கும்."

தோற்பதற்கு எந்தப் படைக்கும் ஒரு பகல் போதும், வீட்டுக்குச் சொல்லத்தான் மாதக்கணக்கில் ஆகிறது என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு எம்.எஸ். பட்டத்தை விலையாகக் கொடுத்தது, இப்போது பார்த்தால், மலிவாகத்தான் தோன்றுகிறது.